ஹரியற் ரப்மன் அம்மையாரின் இரவுப் பயணங்கள்

பெரியோர் சரிதம் எழுதுவோரிடம் ஒரு பழக்கம் உண்டு. செயலின் பெருமை எண்ணிக்கையினால்தான் விளங்கும் எனக் கருதிப் பத்தை நூறாக்கிவிடுவர். அமெரிக்க நாட்டில் அடிமைகளாய் இருந்தோரை இரவோடிரவாக விடுதலை நிலத்துக்கு அழைத்துச் சென்ற ஹரியற் ரப்மன் அம்மையாரின் கதைக்கும் இக்கதியே நேர்ந்தது. அவர் 19 முறை சென்றார், 300 பேரை மீட்டார், அவருடைய தலைக்கு 40,000 டொலர் விலை வைக்கப்பட்டிருந்தது என்றெல்லாம் படித்தவர் நம்மிற் பலர். இக்கணக்கு, சாரா பிராட்போட் என்னும் மாது 1869 ஆம் ஆண்டில் எழுதிய நூலின் வழியாக உலகெங்கும் பரவியது. பிற்கால ஆராய்ச்சியாளர் பண்ணைகளின் பத்திரங்களையும், பழைய பத்திரிகை அறிவித்தல்களையும், தப்பி வந்தோரின் வாக்குமூலங்களையும் ஒப்புநோக்கி வேறொரு முடிவுக்கு வந்துள்ளனர். அம்மையார் சென்ற பயணங்கள் ஏறக்குறைய 13; அழைத்து வந்தோர் ஏறக்குறைய 70 பேர். வழி சொல்லி அனுப்பப்பட்டுத் தாமாகவே தப்பியோர் இன்னும் ஓர் 70 பேர் அளவில்.

நான் இச்சிறிய எண்ணையே விரும்புகிறேன். முந்நூறு என்றால் அது கூட்டம்; எழுபது என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அப்பெயர்களைப் பார்த்துக்கொண்டு போனால் தம்பி, தமையன், பெறாமகள், தாய், தந்தை, அயலவன் என்றே வருகின்றன. ஒரு பெண் தான் தப்பிய வீட்டுக்கே மீண்டும் மீண்டும் சென்று தன் உறவினரை ஒவ்வொருவராக வெளியே கொணர்ந்த கதை இது. அந்த முறையிலேயே இதனைச் சொல்ல விழைகிறேன்.

மேரிலாந்து மாநிலத்தின் கிழக்குக் கரையிலே, செசபீக் குடாவை அடுத்து, டோசெஸ்ரர் என்னும் பகுதி உண்டு. சதுப்பு நிலமும் ஓடைகளும் ஊசியிலைக் காடுகளும் நிறைந்த தாழ்நிலம் அது. அங்கே 1822 ஆம் ஆண்டளவில் பென் றோஸ் என்பவருக்கும் றிற் என்று அழைக்கப்பட்ட ஹரியற் கிறீனுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அரமின்ரா என்பது இட்ட பெயர். மின்ரி என்பது கூப்பிட்ட பெயர். தாயைப் பெற்ற பாட்டி ஆபிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர். தந்தை அந்தனி தொம்சன் என்பவரின் உடைமை. தாய் புரோடெஸ் என்னும் குடும்பத்தாரின் உடைமை. பிள்ளைகள் தாயின் நிலையையே அடைவர் என்பது அந்நாட்டுச் சட்டமாதலால், ஒன்பது பிள்ளைகளும் புரோடெஸ் வீட்டின் சொத்தாயினர்.

எட்வேட் புரோடெஸ் பெருநிலக்காரன் அல்லன். இத்தனை அடிமைகளுக்கு வேலை கொடுக்க அவனிடம் நிலம் போதாது. ஆகவே சிலரைக் கூலிக்கு அனுப்பினான், சிலரை விற்றான். மின்ரியின் தமக்கையர் லைனா, மரியா, சோப் என்னும் மூவரும் தென்னாட்டுப் பருத்திக் காடுகளை நோக்கி விற்கப்பட்டனர். அவர்கள் போன திசையிலிருந்து ஒரு செய்தியும் திரும்பி வரவில்லை. பின்னொரு முறை, கடைக்குட்டி மோசேயை வாங்குவதற்கு ஜோர்ஜியாவிலிருந்து ஒரு வணிகன் வந்தபோது, தாயார் றிற் பிள்ளையை ஒரு மாத காலம் காட்டிலும் அயல் வீடுகளிலும் ஒளித்து வைத்திருந்தார். எசமானனும் வணிகனும் குடிசை வாசலுக்கு வந்தனர். முதலில் உள்ளே கால் வைப்பவனின் மண்டையைப் பிளந்துவிடுவதாக அவர் சொன்னார். அவர்கள் திரும்பிப் போயினர், விற்பனையும் கைவிடப்பட்டது. மின்ரி அப்பொழுது அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பிற்கால வாழ்வுக்கு விதை எதுவென்று யாரேனும் என்னைக் கேட்டால், இந்த வாசற்படியையே காட்டுவேன்.

ஆறு வயதளவில் அவள் கூலிக்கு அனுப்பப்பட்டாள். முதலிற் போன வீட்டில், தோலுக்காகப் பிடிக்கும் நீரெலிகளுக்கு வைத்த பொறிகளைப் பார்த்துவருவது வேலை. சின்னமுத்துக் கண்டிருந்த காலத்திலும் குளிர்ந்த சதுப்பு நீரில் இடுப்பளவுக்கு இறங்கி நடக்க வேண்டியிருந்தது. நோய் முற்றவே தாயிடம் திருப்பியனுப்பப்பட்டாள். இன்னொரு வீட்டிற் பகலெல்லாம் துடைத்துக் கூட்டுவதும், இரவெல்லாம் தொட்டிலாட்டுவதும் அவள் கடமை. குழந்தை அழுதால் எசமானி விழித்துக்கொள்வாள். எசமானி விழித்தால் சவுக்கு. ஒருநாள் காலையுணவுக்கு முன்னரே ஐந்து முறை அடிபட்டதாக அம்மையார் முதுமையிற் சொல்லியிருக்கிறார். அடியின் வேகம் குறையட்டும் என்று உடுப்பின் மேல் உடுப்பாகப் பல உடுப்புகளை அணிந்துகொள்ள அச்சிறுமி கற்றுக்கொண்டாள். கழுத்திலிருந்த தழும்புகள் சாகும்வரை மாறவில்லை.

பதின்மூன்று வயதளவிற் பக்ரவுண் என்னும் குறுக்குச் சந்தியிலுள்ள கடையொன்றில் நிகழ்ந்தது இவையெல்லாவற்றினும் கொடியது. வேலையை விட்டோடி வந்த ஓர் அடிமையைப் பிடித்துக் கட்டுவதற்குக் கங்காணி ஒருவன் அவளுடைய உதவியைக் கேட்டான். அவள் மறுத்தாள். ஓடுகிறவனை நோக்கிக் கங்காணி வீசிய இரண்டு இறாத்தல் படிக்கல் குறி தவறி அவள் தலையிற் பட்டது, மண்டையோடு உடைந்தது. மருத்துவர் எவரும் வரவில்லை. இரண்டு நாட் கிடந்தாள். பின்னர் நெற்றியில் இரத்தம் வழிய வயலுக்கு அனுப்பப்பட்டாள். அன்று தொட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென உறங்கிவிடும் நோய் அவரை விட்டு நீங்கவில்லை. அவ்வுறக்கத்திற் காட்சிகள் தோன்றும். இறைவனே தம்முடன் பேசுவதாக அவர் நம்பினார். வலிப்பின் ஒரு வகை என்று இக்கால மருத்துவர் ஊகிக்கின்றனர். பெயர் எதுவாயினும் ஆகுக; இப்படி எந்நேரமும் உறங்கிவிழக்கூடிய ஒருவர்தாம் பின்னர், வேட்டைநாய்கள் திரியும் காட்டிலே பிறரை வழிநடத்தினார் என்பதை மாணவர் மனத்திலிருத்துதல் வேண்டும்.

விற்கவும் பார்த்தார்கள், நோயாளியை வாங்குவார் இல்லை. ஆகவே தந்தையாரோடு மரம் வெட்டும் வேலைக்கு விடப்பட்டார். இதுதான் அவருடைய பள்ளிக்கூடம். பென் றோஸ் மரங்களின் தரம் அறிந்தவர். வேலையாட்களுக்குத் தலைவராய் இருந்தவர். அவர்கள் தறித்த மரங்கள் படகுகளில் ஏறிப் போல்ரிமோர்க் கப்பற்றுறைகளுக்குச் சென்றன. அப்படகுகளை ஓட்டியோரிற் பலர் கறுப்பினத்தவர். எந்தத் துறையில் எவரை நம்பலாம், எவ்வூரில் எவர் ஒளித்துவைப்பார், வடக்கே போக எவ்வாற்றைப் பற்றிச் செல்ல வேண்டும் என்னும் செய்திகள் மரத்தோடு மரமாக அந்நீர்வழிகளிலே பயணஞ் செய்தன. எழுத்தறியாத அப்பெண் இவற்றைச் செவியினாற் கற்றார். ஆற்றையும் துருவ நட்சத்திரத்தையும் தந்தையாரிடம் கற்றார். ஆண்களோடு சமமாகக் கட்டை இழுத்தார். தம்முடைய உழைப்பைத் தாமே எசமானனிடமிருந்து ஆண்டுக் கணக்கிற் குத்தகைக்கு வாங்கி, மிஞ்சிய காசிலே 40 டொலருக்கு ஒரு சோடி எருதுகளும் வாங்கினார். அமைதியாக இருந்துவிடக்கூடியவர் அல்லர் என்பதற்கு இது போதாதா?

தந்தையார் 1840 இல் விடுதலை பெற்றார். பழைய எசமானன் தன் மரணசாதனத்தில் அவ்வாறு எழுதியிருந்தான். அப்படியானால் தாயாருக்கு ஏதும் எழுதப்படவில்லையா என்ற ஐயம் மகளுக்கு எழுந்தது. ஐந்து டொலர் கொடுத்து ஒரு சட்டத்தரணியைப் பழைய பத்திரங்களைத் தேடச் செய்தார். எழுதப்பட்டுத்தான் இருந்தது. றிற்றும் அவர் பிள்ளைகளும் 45 வயது வரையுமே ஊழியஞ் செய்யவேண்டியவர் என்று எசமானியின் முன்னோர் ஒருவர் எழுதி வைத்திருந்தார். அதனை எவரும் றிற்றுக்குச் சொல்லவில்லை. வயது கடந்தும் அவர் அடிமையாகவே இருந்தார்.

ஏறக்குறைய 1844 இல், ஜோன் ரப்மன் என்னும் சுதந்திரக் கறுப்பரை மணந்து, தாயின் பெயராகிய ஹரியற் என்பதைத் தமக்கும் சூடிக்கொண்டார். இந்த ஆண்டை நாமும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 ஆம் ஆண்டளவிலே தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் அடிமைகளைப் பற்றிய பிரிவொன்று உண்டு. பிரித்தானியப் பாராளுமன்றம் 1833 இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது இலங்கையை அதற்குப் புறம்பாகவே வைத்தது. இங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இலேதான். தூரதேசத்தார் செய்த கொடுமையென்று விரல் நீட்டுமுன் இவ்வாண்டுக் கணக்கையும் நாம் அறிந்திருப்பது நன்று.

1849 இல் மீண்டும் விற்பனைப் பேச்சு எழுந்தது. எசமானனின் மனத்தை மாற்றுமாறு ஹரியற் இரவும் பகலும் இறைவனிடம் மன்றாடினார். மாறாது போகவே, அவனை எடுத்துவிடுமாறு மன்றாடினார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அவன் உண்மையாகவே இறந்துபோனான். அப்பொழுது இவர் மகிழவில்லை; தம் மன்றாட்டை நினைந்து நெடுநாள் நெஞ்சுருகினார். கடன்பட்ட விதவை அடிமைகளை விற்பாள் என்பது திண்ணமாயிற்று. செப்டெம்பர் 17 ஆந் திகதி ஹரியற் தம் சகோதரர் பென், ஹென்றி ஆகிய இருவரோடும் தப்பிச் சென்றார். மாநில எல்லைக்கப்பாற் பிடித்தால் ஆளுக்கு 100 டொலர் பரிசென்று விதவை விளம்பரஞ் செய்தாள். அதிலே மின்ரி ஐந்தடி உயரமும் இருபத்தேழு வயதும் உள்ளவள் என்று குறிக்கப்பட்டிருந்தது. சகோதரருக்கு அச்சம் மேலிட்டது. அவர்கள் திரும்பியதோடு இவரையும் இழுத்துக்கொண்டு திரும்பினர்.

சில நாள் கழித்து அவர் தனியே புறப்பட்டார். அயலிலிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, முதலிற் செல்லவேண்டிய வீட்டுக்கு வழி சொன்னாள். அந்த வீட்டிற் கையிலே துடைப்பத்தைக் கொடுத்து முற்றத்தைக் கூட்டச் சொன்னார்கள். தெருவிற் போவோர் கண்ணுக்கு அவ்வீட்டு வேலைக்காரியாகவே தோன்றுவதற்கு. இரவானதும் வண்டியில் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோயினர். இவ்வாறு சொப்ராங் ஆற்றை ஒட்டி, டெலவெயர் மாநிலத்தைக் கடந்து, ஏறக்குறைய 90 மைல் சென்று பென்சில்வேனியா எல்லையை மிதித்தார். அன்று தாம் அதே ஆள்தானோ என்று தம் கைகளைப் பார்த்துக்கொண்டதாகப் பின்னர் கூறினார். ஆயின் வரவேற்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. பெற்றோரும் உடன்பிறந்தாரும் மேரிலாந்தில் இருக்க, தாம் மட்டும் அந்நியர் நடுவிற் சுதந்திரமாய் இருப்பது அவருக்குப் பொருளற்றதாகத் தோன்றியது. பிலடெல்பியாவிற் சமைத்தும் துவைத்தும் காசு சேர்க்கத் தொடங்கினார்.

நிலத்தடிப் புகையிரதப் பாதை என்று வழங்கிய அமைப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வகுப்பிலே இதனைச் சொன்னவுடன், சுரங்கம் எவ்விடத்தில் வெட்டப்பட்டது என்று மாணவர் என்னைக் கேட்பதுண்டு. சுரங்கமும் இல்லை, தண்டவாளமும் இல்லை. ஓடி வந்தோரை ஒளித்து, ஊட்டி, அடுத்த வீட்டுக்குச் சேர்த்த மனிதரின் தொடரே அது. ஒளித்த வீடு நிலையம், வீட்டுக்காரர் நிலைய அதிபர், வழிநடத்துவோர் நடத்துநர். இதற்குத் தலைவர் என்று ஒருவர் இல்லை. ஒருவருக்கு அடுத்தவரை மட்டுமே தெரிந்திருந்தது. ஒருவர் பிடிபட்டாலும் முழுத் தொடரும் அறுந்துபோகாமைக்குக் காரணம் இதுவே. குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் பங்கு பெரிது. ஆனால் அவர்களை மட்டுமே சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. தொடரின் பெரும்பாகம் சுதந்திரக் கறுப்பின மக்களின் வீடுகளும் தேவாலயங்களும் படகுகளுமேயாம்.

பிலடெல்பியா நிலையத்தில் இருந்தவர் வில்லியம் ஸ்ரில் என்னும் கறுப்பர். வந்தோர் ஒவ்வொருவரிடமும் பெயர், ஊர், பெற்றோர், எசமானன் ஆகிய யாவற்றையும் கேட்டு எழுதி வைத்தார். பிடிபட்டால் கழுத்துக்கே வரக்கூடிய ஏடுகள் அவை, ஆயினும் எழுதினார். காரணம் உண்டு. 1850 இல், தன் தாயையும் தந்தையையும் தேடிக்கொண்டு ஒரு மனிதன் அவருடைய அலுவலகத்துக்கு வந்தான். கதையைக் கேட்டுக்கொண்டே வந்த ஸ்ரில், எதிரே இருப்பவன் தாம் முன்னொருபோதும் கண்டிராத சொந்தத் தமையன் என்பதை உணர்ந்தார். எழுதி வைத்தால் இன்னும் எத்தனை குடும்பங்கள் ஒன்றுசேரும் என்று எண்ணினார். அந்த ஏடுகள் 1872 இல் நூலாயின. இன்று நாம் பேசும் பெயர்களிற் பல அவ்வேட்டினாலேயே நமக்குக் கிடைத்தவை.

அதே 1850 இல், தப்பியோடிய அடிமைகளைப் பற்றிய புதிய சட்டமொன்றை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. ஓடியவருக்கு உதவினால் 1,000 டொலர் வரை தண்டமும் ஆறு மாதச் சிறையும். பிடிபட்டவர் தம் சார்பிற் சாட்சி சொல்ல இயலாது. வழக்கைக் கேட்கும் ஆணையாளர், அவரை அடிமையென்று திருப்பியனுப்பினால் 10 டொலரும், விடுவித்தால் 5 டொலரும் ஊதியம் பெறுவார்! இச்சட்டம் வந்தபின் பிலடெல்பியாவும் காவலான இடமன்று. பிரித்தானியக் கொடி பறந்த கனடாவரையும் போக வேண்டியதாயிற்று.

ஹரியற்றின் முதற் பயணம் அவ்வாண்டு டிசம்பரில் நிகழ்ந்தது. விற்கப்பட்டுப்போன தமக்கை லைனாவின் மகள் கெசாயா தன் இரு பிள்ளைகளோடு ஏலத்துக்கு விடப்படுவதாகச் செய்தி வந்தது. கேம்பிறிட்ஜ் நகர நீதிமன்ற வாசலில் ஏலம் நடந்தது. கெசாயாவின் கணவர் ஜோன் பௌலி சுதந்திர மனிதர், கப்பற் தச்சர். அவரே ஏலங்கேட்டார், ஏலம் அவர் பெயரில் முடிந்தது. பணத்தைக் கேட்கும் நேரம் வந்தபோது அவரையும் காணவில்லை, மனைவி மக்களையும் காணவில்லை. அருகிலேயே ஒரு வீட்டில் ஒளித்திருந்து, இருட்டியதும் படகேறிக் குடாவின் வழியே போல்ரிமோருக்குச் சென்றனர். அங்கே பெறாமகளைச் சந்தித்து அப்பாற் கொண்டுபோனவர் ஹரியற். மறு ஆண்டு கணவரை அழைத்துவரச் சென்றார். அவரோ வேறொரு பெண்ணை மணந்திருந்தார், வர மறுத்துவிட்டார். அம்மையார் அவ்விடத்திலேயே ஒப்பாரி வைக்காமல், தப்பவேண்டி நின்ற வேறு சிலரைச் சேர்த்துக்கொண்டு வடக்கே திரும்பினார்.

பயணங்களுக்குக் குளிர்காலத்தின் நீண்ட இரவுகளையே அவர் தெரிந்தெடுத்தார். சனி இரவிற் புறப்படுவார். திங்கள் வரை பத்திரிகையில் அறிவித்தல் வெளிவராது. கைக்குழந்தைகள் அழாதிருக்க அபினி கலந்த மருந்து ஊட்டப்படும். பாட்டின் குறிப்பால் வரலாமா, ஒளிந்திருக்கலாமா என்பது தெரிவிக்கப்படும். இடையில் மனந்தளர்ந்து திரும்பப் பார்ப்பவருக்கு அம்மையாரின் கைத்துப்பாக்கி காட்டப்படும். திரும்புகிறவன் ஒருவன் அல்லன். அவனோடு எல்லா வீடுகளும் காட்டிக்கொடுக்கப்படும் என்பதை அவர் அறிவார். சகோதரரால் ஒருமுறை திரும்ப இழுக்கப்பட்டவர் அல்லவா!

அந்தச் சகோதரரின் முறை 1854 நத்தாரில் வந்தது. பென், றொபேட், ஹென்றி ஆகிய மூவரும் நத்தாருக்கு மறுநாள் விற்கப்பட இருந்தனர். ஜேக்கப் ஜக்சன் என்னும் எழுத்தறிந்த சுதந்திரக் கறுப்பருக்கு, அவருடைய வளர்ப்பு மகன் எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுதுவித்து அனுப்பினார் ஹரியற். சகோதரர் எப்பொழுதும் விழிப்போடிருக்கட்டும், கப்பல் வந்தவுடன் ஏறத் தயாராகட்டும் என்பது அதன் கருத்து. வேதமொழி போன்ற நடையில் எழுதப்பட்டிருந்தது. தபாலில் அதைப் பிரித்துப் பார்த்த வெள்ளையருக்குப் பொருள் விளங்கவில்லை. அந்த வளர்ப்பு மகனுக்குச் சகோதரரே இல்லை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். ஜக்சனை அழைத்துக் காட்டினர். அவர் ஒருமுறை வாசித்தார், யாவும் விளங்கிற்று, இது தலையுங் காலுமில்லாத கடிதம், தமக்குரியதன்று என்று சொல்லி எறிந்துவிட்டு, நேரே சென்று சகோதரரிடம் செய்தியைச் சேர்ப்பித்தார்.

புறப்படும் நாளிலே றொபேட்டின் மனைவிக்குப் பிரசவ வேதனை. ஹரியற் எவருக்காகவும் காத்திருப்பவர் அல்லர். குழந்தை பிறந்தபின், மனைவியிடம் உண்மையைச் சொல்லவும் முடியாமல், சொல்லாதிருக்கவும் முடியாமல் தத்தளித்த றொபேட் பிந்தியே வந்து கூட்டத்தைப் பிடித்தார். எல்லோருமாகப் பெற்றோரின் குடிசைக்கு அருகே, சோளத்தட்டு வைக்கும் கொட்டிலில் ஒளித்துக்கொண்டனர். நத்தார் தினம், மழை. தாயார் றிற், விருந்துக்கு மக்கள் வருவார்களென்று சமைத்து வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து கண்களுக்குமேற் கைவைத்துப் பாதையைப் பார்ப்பதும் உள்ளே போவதுமாய் இருந்தார். மக்கள் சில பாக தூரத்தில், பலகை இடுக்கின் வழியே தாயைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஹரியற் தாயைக் கண்டு ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தத் தாய் உள்ளம் தாங்காது கதறும். கதறல் அயலெல்லாம் கேட்கும். தந்தையாருக்கு மட்டும் தெரிவித்தனர். அவர் கொட்டிலுக்கு உணவு கொண்டுவந்தார். ஆனால் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பிரியும்போது கண்களைக் கைக்குட்டையாற் கட்டிக்கொண்டு, இருபுறமும் பிள்ளைகள் கைபிடிக்க, சிறிது தூரம் கூடவே நடந்துவந்தார். பின்னர் விசாரிக்க வந்தோரிடம், தம் பிள்ளைகளைத் தாம் காணவில்லை என்று அவர் சொன்னது பொய்யன்று. பொய் சொல்லாதவர் என்று அயலிலே பெயரெடுத்த மனிதர் அவர். அப்பெயரும் கெடாமல், பிள்ளைகளும் கெடாமல் அவர் கண்ட வழி அது. டிசம்பர் 29 ஆந் திகதி அவர்கள் வில்லியம் ஸ்ரில்லின் ஏட்டிற் பதிவாயினர்.

1856 நவம்பரில் அழைத்துச் சென்ற ஜோ பெய்லி என்பவருக்கு 1,500 டொலர் பரிசு விதிக்கப்பட்டிருந்தது. வில்மிங்ரன் நகரப் பாலத்திலே காவல். அந்நகரில் இருந்த தோமஸ் கரற் என்னும் குவேக்கர் இரும்பு வணிகர். இவ்வேலைக்காகவே 1848 இல் பெருந்தண்டம் இறுத்தவர். தம் வாழ்நாளில் ஏறக்குறைய 2,700 பேருக்கு உதவியதாகக் கணக்கு வைத்திருந்தார். அவர் கொத்தர் சிலரை இரண்டு வண்டிகளில் ஏற்றி, உல்லாசப் பயணம் போவாரைப் போலப் பாடிக்கொண்டும் கூவிக்கொண்டும் காலையிற் பாலத்தைக் கடக்கச் செய்தார். இரவில் அதே கூச்சலோடு திரும்பி வந்தபோது வண்டியின் அடியில் ஜோவும் மற்றவர்களும் படுத்திருந்தனர். காவலர் கைகாட்டி விட்டனர். பின்னர் நியூயோர்க்கில் தன் அங்க அடையாளங்கள் அச்சிடப்பட்டிருப்பதை அறிந்த ஜோவுக்கு நெஞ்சு ஒடிந்துவிட்டது, பேச்சற்றுப் போனார். நயாகராத் தொங்குபாலத்திற் புகையிரதம் சென்றபோது மற்றவர் யாவரும் நீர்வீழ்ச்சியைப் பார்க்க எழுந்தனர்; அவர் தலையைக் கையில் ஏந்தியபடி இருந்தார். பாலத்தின் நடுவைக் கடந்துவிட்டோம், இது கனடா என்று ஹரியற் அவரைப் பிடித்து உலுக்கிய பின்னரே எழுந்து உரத்துப் பாடினார்.

தந்தையார் 1855 இல் தம் மனைவியை அந்த விதவையிடமிருந்து 20 டொலருக்கு விலைக்கு வாங்கியிருந்தார். ஓடியோருக்கு இடங்கொடுத்த குற்றத்துக்காக அவர் கைதாகும் நிலை 1857 இல் ஏற்பட்டது. எழுபது வயதை அடுத்த அம்முதியவர்களை நடத்திக் கூட்டிச்செல்ல முடியாது. பழைய சில்லுகளின்மேற் பலகையைப் பொருத்தி, கிழட்டுக் குதிரை ஒன்றைப் பூட்டி, அதிலேற்றிக் கொணர்ந்தார் மகள்.

இனி நான் சொல்லப்போவதைப் பல சரிதங்கள் ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன. றேச்சல் என்னும் சகோதரி இன்னும் மேரிலாந்தில் இருந்தார். அவருடைய இரு பிள்ளைகளும் வேறோரிடத்தில் வேலைக்கு விடப்பட்டிருந்தனர். பிள்ளைகளை விட்டு வரமாட்டேன் என்று அவர் ஒவ்வொரு முறையும் மறுத்துவிட்டார். ஆண்டுகள் பல முயன்று, 1860 இன் இறுதியில் ஹரியற் மீண்டும் சென்றார். றேச்சல் இறந்துபோயிருந்தார். பிள்ளைகளையாவது கொண்டுவரலாம், அதற்குக் கைக்கூலியாக 30 டொலர் தேவைப்பட்டது. அம்மையாரிடம் அது இருக்கவில்லை. அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. எனல்ஸ் என்னும் குடும்பத்தை, கைக்குழந்தையோடு, பாதுகாப்பாக அழைத்து வந்தார். ஆனால் பென், அஞ்சரீன் என்னும் அவ்விரு பிள்ளைகளும் அங்கேயே விடப்பட்டனர். அது அவருடைய கடைசிப் பயணம். நாற்பதினாயிரம் டொலர் என்னும் கட்டுக்கதையை நினைவில் வைத்திருக்கும் நாம், முப்பது டொலர் என்னும் இவ்வுண்மையை ஏன் மறந்தோம் என்று எண்ணி நான் வியப்பதுண்டு.

அடுத்த ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. 1862 இல் தென் கரோலினாவுக்குச் சென்று நோயாளரைப் பேணினார், ஒற்றர்களை நடத்தினார். 1863 ஜூன் 2 ஆந் திகதி, கேணல் மொன்கொமறியின் கறுப்பினப் படையோடு கொம்பாஹி ஆற்றில் மேலேறினார். நீரில் மிதக்கவிடப்பட்ட வெடிகள் எவ்விடத்தில் உள்ளன என்பதை அவருடைய ஒற்றர் முன்னமே அறிந்திருந்தனர். கப்பலின் ஊதல் கேட்டதும், அடுப்பிலிருந்த சோற்றுப் பானையைத் தலையிலும், பிள்ளையை முதுகிலும், பன்றியைக் கையிலுமாக வயல்களிலிருந்து மக்கள் ஓடிவந்தனர். ஓரிரவில் விடுதலை பெற்றோர் 750 பேருக்கு மேல். போர்க்களத்தில் இவ்வாறு செய்தவருக்கு, போர் முடிந்து வீடு திரும்பும்போது, 1865 இல், நேர்ந்தது வேறு: புகையிரதத்திற் சீட்டுப் பரிசோதகனும் வேறு சிலரும் அவரைப் பலவந்தமாக இழுத்து, இருந்த இடத்திலிருந்து எறிந்தனர், கை முறிவுற்றது. மேரிலாந்து மாநிலம் அவருக்குப் படைத்தலைவர் பதவியை வழங்கியது 2024 இல்.

போர்ச் சேவைக்கு அரசாங்கம் கொடுத்தது மொத்தமாக ஏறக்குறைய 200 டொலர். ஓபேண் என்னும் நியூயோர்க் மாநில நகரில், 1859 இற் சீவார்ட் என்னும் அரசியலறிஞரிடம் தவணை முறையில் வாங்கிய நிலத்தில், பன்றி வளர்த்தும் காய்கறி விற்றும், செங்கல் அறுத்தும் பெற்றோரையும் அநாதைகளையும் காத்தார். ஜோன் ரப்மன் 1867 இல் ஒரு வெள்ளையனாற் சுட்டுக் கொல்லப்பட்டார், கொன்றவன் விடுதலையானான். 1869 இல் நெல்சன் டேவிஸ் என்னும் போர்வீரரை அம்மையார் மணந்தார். அவர் 1888 இல் இறந்தபின், விதவை என்ற முறையில் மாதம் 8 டொலர் உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1899 இல் அது 20 டொலராயிற்று. 20 டொலர் நாணயத்தாளில் அவருருவைப் பொறிக்கப்போவதாக 2016 இல் அமெரிக்கத் திறைசேரி அறிவித்தபோது, றிற்றை அவருடைய கணவர் வாங்கிய விலை என் நினைவுக்கு வந்தது.

வறியவரும் முதியவருமான கறுப்பின மக்களுக்கு ஓர் இல்லம் வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. 1896 இல் தம் வீட்டை அடுத்த 25 ஏக்கர் நிலம் ஏலத்துக்கு வந்தபோது, கையிற் காசின்றியே ஏலங்கேட்டு எடுத்தார். நடத்த இயலாமல் 1903 இல் அதனைத் தம் திருச்சபைக்கு எழுதிக் கொடுத்தார். 1908 இல் இல்லம் திறக்கப்பட்டது. திருச்சபையினர் சேர்வோரிடம் 100 டொலர் அறவிட வேண்டுமென்று விதித்தனர். அம்மையாருக்குப் பெருங்கோபம் மூண்டது. கையில் ஒரு சதமும் இல்லாதவரைத் தவிர வேறெவரையும் சேர்க்கக் கூடாது என்பதே தாம் விரும்பிய விதி என்று சண்டை பிடித்தார். 1911 இல், நடக்க இயலாதவராய் அவரே அவ்வில்லத்துக்குக் கொண்டுவரப்பட்டார். 1913 மார்ச்சு 10 ஆந் திகதி, சளிசுரத்தினால் அங்கேயே காலமானார். ஓபேண் நகரத்துப் போட் ஹில் மயானத்திற் போர்வீரருக்குரிய மரியாதைகளோடு அவரை அடக்கஞ் செய்தனர்.